பட்டாளத்துக்குப் புறப்படும் பிள்ளை: பாதிப் பயிற்சி வீட்டில்தான்!

பட்டாளத்தில் சேருவது என்றால் முன்பெல்லாம் ஒரே அர்த்தம்தான். பையனுக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. பதினைந்து வருடம் வேலை பார்ப்பான். பிறகு சாகும் வரை பென்ஷன் வரும்.

இப்போது அந்த அர்த்தம் மாறிவிட்டது.

2022-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி மத்திய சர்க்கார் ஒரு திட்டத்தை அறிவித்தது. அதற்கு "அக்னிபத்" என்று பெயர். தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றிலும் அதிகாரி அல்லாத பதவிக்குச் சேருகிறவர்களுக்கு வேலை நான்கே ஆண்டு. அவர்களை "அக்னிவீரர்" என்று அழைக்கிறார்கள். நான்கு ஆண்டு முடிந்ததும், நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்ற 75 பேரும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

முதல் அணி 2022-ம் ஆண்டு கடைசியிலும் 2023-ம் ஆண்டு தொடக்கத்திலும் முகாமுக்குள் நுழைந்தது. அந்த அணியின் நான்கு ஆண்டு, 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும் முடிகிறது. இதுவரை காகிதத்தில் இருந்த கணக்கு, இனி வீட்டு வாசலுக்கு வருகிறது.

புதுச்சேரி மாநிலத்தில் வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் இருக்கிறது கரிக்கலாம்பாக்கம். நெல்லும் கரும்பும் விளையும் பூமி. இந்த ஊரில் ஒரு வீட்டில், பத்தாவது தேறிய பையன், "நான் பட்டாளத்தில் சேரப் போகிறேன்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அப்பாவும் அம்மாவும் என்ன செய்ய வேண்டும்? "போய் வா" என்று நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினால் போதுமா?

போதாது. முகாமில் கொடுக்கும் பயிற்சியின் காலம் குறைந்துவிட்டது. ஆகவே, முகாமுக்குப் போகும் முன் வீட்டில் நடக்கும் பயிற்சியின் காலம் கூட வேண்டும். பாதிப் பயிற்சி வீட்டில்தான் நடக்க வேண்டும்.

"சொல்தா" வீடுகள்

புதுச்சேரிக்காரர்களுக்குப் பட்டாளம் புதிது அல்ல. இந்தியர்களுக்கு ஐரோப்பிய முறையில் அணிவகுப்பும் துப்பாக்கியும் பழக்கியதில், புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்களே முன்னோடிகள்.

1746-ம் ஆண்டு அக்டோபர் மாதம், சென்னையில் அடையாற்றங்கரையில் ஒரு சண்டை நடந்தது. ஒரு பக்கம் ஆர்க்காடு நவாபின் படை. அதில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர். மறுபக்கம் பிரெஞ்சுக்காரர்களும், அவர்கள் பழக்கிய நம் நாட்டுச் சிப்பாய்களும். மொத்தம் ஏறக்குறைய ஆயிரம் பேர்தான். ஆயிரம் பேர் பத்தாயிரம் பேரை விரட்டினார்கள்!

எப்படி முடிந்தது? வரிசை கலையாமல் நின்றார்கள். கட்டளை வந்தவுடன் எல்லாரும் ஒன்றாகச் சுட்டார்கள். மறுபடியும் மருந்து கெட்டித்தார்கள். இதைத்தான் இன்றைக்கு "அடிப்படைப் பயிற்சி" என்று சொல்கிறோம். பயிற்சியின் பலத்தை இந்த நாட்டுக்குக் காட்டிய சண்டை அது.

ஆறு ஆண்டு கழித்து, 1752-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பாகூரிலேயே ஒரு சண்டை நடந்தது. அதில் ஆங்கிலேயர் ஜெயித்தார்கள், பிரெஞ்சுக்காரர் தோற்றார்கள். அதற்குள் ஆங்கிலேயரும் சிப்பாய்களைப் பழக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகும் புதுச்சேரிப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனார்கள். உலகப் போர்களில் சண்டை போட்டார்கள். இந்தோ-சீனாவுக்குக் கப்பல் ஏறினார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் நிற்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் அதற்குச் சாட்சி. பட்டாளத்தில் இருந்து திரும்பியவரை ஊரார் "சொல்தா" என்று அழைத்தார்கள். பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். ஒரு தெருவில் "சொல்தா வீடு எது?" என்று கேட்டால் குழந்தையும் கை காட்டும்.

1962-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. ஆனால் சொல்தாக்களின் பென்ஷன் நிற்கவில்லை. பிரான்சில் இருந்து அது வந்துகொண்டே இருந்தது. அந்தப் பணத்தில் மச்சு வீடு கட்டினார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

ஆகவே, "பட்டாளம் என்றால் பென்ஷன்" என்பது இந்தப் பக்கத்து மக்களின் மனத்தில் ஊறிய எண்ணம். இந்தியப் பட்டாளத்தின் பழைய முறையிலும் 15 ஆண்டு வேலை பார்த்த சிப்பாய்க்குப் பென்ஷன் உண்டு. புதிய முறையில் நான்கு ஆண்டோடு திரும்புகிறவருக்குப் பென்ஷன் கிடையாது. தாத்தா காலத்துக் கணக்கை வைத்துக்கொண்டு பேரனை அனுப்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கைக்கு எவ்வளவு?

2022-ம் ஆண்டு அறிவித்த கணக்கு இது. முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். இரண்டாம் ஆண்டு 33,000. மூன்றாம் ஆண்டு 36,500. நான்காம் ஆண்டு 40,000.

இதில் நூற்றுக்கு 30 ரூபாயைப் பிடித்து, "சேவா நிதி" என்ற கணக்கில் போடுகிறார்கள். முதல் ஆண்டு கைக்கு வருவது 21,000 ரூபாய்; நிதிக்குப் போவது 9,000 ரூபாய். சர்க்காரும் அதே அளவு பணத்தை நிதியில் போடுகிறது. நான்கு ஆண்டில் சிப்பாயின் பங்கு 5 லட்சத்து 2 ஆயிரம். சர்க்கார் பங்கும் அவ்வளவே. வட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய், வேலை முடியும் நாளில் கையில் கிடைக்கும். அதற்கு வருமான வரி கிடையாது.

வேலையில் இருக்கும்போது உயிர் போனால், 48 லட்சம் ரூபாய் இன்சூரன்ஸ் உண்டு. அதற்குச் சிப்பாய் பணம் கட்ட வேண்டியது இல்லை.

திட்டத்தை ஆதரிப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? படையில் இளைஞர்கள் அதிகமாக வேண்டும். சிப்பாய்களின் சராசரி வயது 32-ல் இருந்து 26 ஆகக் குறையும் என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? நான்கு ஆண்டில் ஒரு சிப்பாய் முழுதாகத் தேற முடியுமா, திரும்பி வரும் 75 பேரின் கதி என்ன என்று கேட்கிறார்கள். 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் பீகாரிலும் வேறு பல இடங்களிலும் பெரிய கிளர்ச்சி நடந்தது. பாராளுமன்றத்திலும் விவாதம் நடந்தது.

அந்த வாதம் நடக்கட்டும். முகாமுக்குப் போகத் துடிக்கும் பையன் அது முடியும் வரை காத்திருக்க முடியாது. வயது போய்விடும். 2022-ம் ஆண்டு அறிவிப்பின்படி வயது பதினேழரை முதல் 21 வரை. அந்த முதல் ஆண்டுக்கு மட்டும் 23 வரை என்று சலுகை கொடுத்தார்கள். வயது வரம்பை ஒவ்வொரு ஆண்டும் வரும் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். எப்படிப் பார்த்தாலும் கையில் இருப்பது சில ஆண்டுகள்தான்.

ஒரு மைல் ஓட்டம்

சேருவதற்கு இரண்டு வாசல்கள். 2023-ம் ஆண்டு முதல், தரைப்படையில் முதல் வாசல் எழுத்துத் தேர்வு. கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். சாதாரணச் சிப்பாய் வேலைக்கு 50 கேள்விகள், ஒரு மணி நேரம், 100 மதிப்பெண். பொது அறிவு, விஞ்ஞானம், கணக்கு ஆகியவற்றில் கேட்பார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள். 2025-ம் ஆண்டுத் தேர்வு தமிழிலும் நடந்தது. ஆகவே, "எனக்கு இந்தி வராதே" என்று பயப்பட வேண்டாம்.

இதில் தேறியவர்களைத்தான் இரண்டாவது வாசலுக்கு, அதாவது உடல் தேர்வுக்கு, அழைப்பார்கள். முன்பு மைதானத்தில் ஓடி ஜெயித்தவன்தான் பரீட்சை எழுதுவான். இப்போது பரீட்சையில் ஜெயித்தவன்தான் மைதானத்துக்கே போக முடியும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும் பையன்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மைதானத்தில் 1.6 கிலோ மீட்டர் ஓட வேண்டும். பழைய கணக்கில் ஒரு மைல். 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் முழு மதிப்பெண்ணான 60 கிடைக்கும். 2025-ம் ஆண்டுச் சேர்க்கையில், 6 நிமிடம் 15 விநாடி வரை ஓடியவர்களுக்கும் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். அடுத்து, கம்பியைப் பிடித்துத் தொங்கி, மோவாய் கம்பிக்கு மேலே வரும்படி உடம்பைத் தூக்க வேண்டும். பத்து முறை தூக்கினால் 40 மதிப்பெண். ஆறு முறைக்குக் கீழே என்றால் திரும்ப வேண்டியதுதான். 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். வளைந்து செல்லும் கட்டையின் மேல் விழாமல் நடக்க வேண்டும்.

தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட தெற்குப் பகுதிப் பையன்களுக்குச் சாதாரணச் சிப்பாய் வேலைக்கு உயரம் 166 சென்டி மீட்டர். மார்பு 77 சென்டி மீட்டர். மூச்சை இழுத்தால் 5 சென்டி மீட்டர் விரிய வேண்டும்.

ஐந்தரை நிமிடத்தில் ஒரு மைல் என்பது எவ்வளவு வேகம்? 400 மீட்டர் வட்டத்தில் நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றும் 82 விநாடியில் முடிய வேண்டும். ஒரு சுற்று ஓடுவது எளிது. நான்கையும் அதே வேகத்தில் ஓடுவதுதான் கடினம்.

எலும்பு சொல்லும் பாடம்

இங்கேதான் பெரும்பாலான பையன்கள் தவறு செய்கிறார்கள். உடல் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஷூ வாங்குகிறார்கள். முதல் நாளே ஐந்து கிலோ மீட்டர் ஓடுகிறார்கள். தினமும் ஓடுகிறார்கள். மூன்றாவது வாரத்தில், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வருகிறது. தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடி ஓடுகிறார்கள். கடைசியில் நடக்கவே முடியாமல் போகிறது.

ஏன் இப்படி ஆகிறது? தசை சீக்கிரம் பலம் பெறும். மூச்சும் சீக்கிரம் பழகும். எலும்பு அப்படி அல்ல. எலும்பும் உயிருள்ள பொருள். அதன் மீது புதிதாகப் பாரம் விழுந்தால், உடம்பு முதலில் பழைய எலும்பைக் கொஞ்சம் அரித்து எடுக்கும். பிறகுதான் புதிய எலும்பைக் கட்டும். பழைய சுவரை இடித்துவிட்டுப் புதுச் சுவர் எழுப்பும் கொத்தனாரைப் போல! இடித்து முடித்து, கட்டி முடிக்காத அந்தச் சில வாரங்களில் சுவர் பலவீனமாக இருக்கும். அந்த நேரம் பார்த்து மேலும் மேலும் பாரம் ஏற்றினால், எலும்பில் மயிரிழை போல விரிசல் விழும்.

உலகத்தில் உள்ள எல்லாப் பட்டாளங்களுக்கும் இது தெரிந்த வியாதி. புதிதாகச் சேருகிறவர்களில் பலர் இந்த விரிசலால்தான் பயிற்சியைப் பாதியில் விடுகிறார்கள். இஸ்ரேல் ராணுவம் பல ஆண்டுகள் இதோடு போராடியது. கடைசியில் இரண்டு காரியங்கள் செய்தார்கள். புதியவர்களுக்கு இரவில் ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயம் ஆக்கினார்கள். அவர்கள் நடக்கும் மொத்த தூரத்தைக் குறைத்தார்கள். விரிசல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்று அந்நாட்டு டாக்டர்கள் 2008-ம் ஆண்டு எழுதினார்கள்.

இதில் இருந்து என்ன தெரிகிறது? முகாமுக்குப் போகும் முன்பே எலும்பு கட்டி முடிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் போதாது. ஆறு மாதம் வேண்டும்.

தையில் தொடங்கினால்...

தை மாதம் தொடங்கினால் ஆனி மாதத்தில் உடம்பு தயாராகும். கையில் காசு அதிகம் வேண்டியது இல்லை. ஊர் ஏரிக்கரையும் வயல் பாதையும் போதும். தார் ரோட்டை விட மண் பாதை காலுக்கு நல்லது.

முதல் நான்கு வாரம்: வேகமான நடை. தினம் அரை மணி நேரம். நான்காவது வாரத்தில், நடுநடுவே ஒரு நிமிடம் மெதுவாக ஓடலாம்.

அடுத்த எட்டு வாரம்: ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டம். இரண்டு கிலோ மீட்டரில் தொடங்கி, நான்கு வரை போகலாம். பக்கத்தில் ஓடுகிறவனோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். மூச்சு இரைத்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். ஓடாத நாளில் கம்பி, தண்டால், பஸ்கி.

அதற்கு அடுத்த எட்டு வாரம்: வாரத்தில் ஒரே ஒரு நாள் வேக ஓட்டம். 400 மீட்டரை 90 விநாடியில் ஓடி, மூன்று நிமிடம் நடந்து, மறுபடி ஓட வேண்டும். இப்படி நான்கு முறை. மற்ற நாட்களில் பழையபடி மெதுவான ஓட்டம்.

கடைசி நான்கு வாரம்: பத்து நாளைக்கு ஒரு முறை, கடிகாரம் வைத்து ஒரு மைல் ஓடிப் பார்க்கலாம். தினமும் பரீட்சை வைக்கக் கூடாது. விதைத்த நெல்லைத் தினமும் தோண்டிப் பார்த்தால் பயிர் வருமா?

கம்பியில் ஒரு முறை கூடத் தூக்க முடியாதவன் வெட்கப்பட வேண்டாம். முதலில் சும்மா தொங்கட்டும். பிறகு முக்காலி மேல் ஏறி, மோவாயைக் கம்பிக்கு மேலே வைத்து, மெதுவாகக் கீழே இறங்கட்டும். இறங்கக் கற்ற கை, சில வாரங்களில் ஏறவும் கற்கும்.

சித்திரை, வைகாசி வெயிலில் சூரியன் ஏறும் முன்பே ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். ஓடும்போது தலை சுற்றினாலோ, வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வெயில் தாக்கினால் உயிருக்கே ஆபத்து.

அம்மாவின் பங்கு

இந்தப் பயிற்சியில் அம்மாவுக்கும் வேலை இருக்கிறது. கடையில் டப்பாவில் விற்கும் மாவு வேண்டாம். பக்கத்துப் பையன் கொடுக்கும் மாத்திரையும் ஊசியும் வேண்டவே வேண்டாம். போதை மருந்தோ, ஊக்க மருந்தோ சாப்பிட்டதாகத் தெரிந்தால் ராணுவம் தள்ளிவிடும். உடம்பும் கெட்டுவிடும்.

எலும்புக்கு வேண்டியது சுண்ணாம்புச் சத்து. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. காலையில் கேழ்வரகுக் கூழ். மத்தியானம் சோறு, பருப்பு, முருங்கைக் கீரை. முடிந்தால் ஒரு முட்டை. முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலி மீன். சாயங்காலம் வேர்க்கடலை. இரவு ஒரு டம்ளர் பால். இவ்வளவும் நம் பக்கத்துச் சந்தையிலேயே கிடைக்கும். காலை இளவெயில் உடம்பில் படுவதும் எலும்புக்கு நல்லது.

அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த பெண்களில் ஒரு பகுதியினருக்குச் சுண்ணாம்புச் சத்தும் "டி" வைட்டமினும் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்காதவர்களை விட அவர்களுக்கு எலும்பு விரிசல் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. இதுவும் 2008-ம் ஆண்டு வெளியான ஆராய்ச்சிதான்.

எல்லாவற்றுக்கும் மேல் தூக்கம். இரவு பன்னிரண்டு மணி வரை செல்போன் பார்த்துவிட்டு, நாலு மணிக்கு ஓடப் போவதில் பலன் இல்லை. ஒன்பதரை மணிக்கு விளக்கை அணைக்கும் வீட்டில்தான் சிப்பாய் உருவாவான்.

முதலில் டாக்டர்

ஓடத் தொடங்கும் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். கரிக்கலாம்பாக்கத்திலேயே சர்க்கார் சமுதாய நலவழி மையம் இருக்கிறது.

என்ன பார்க்க வேண்டும்? நிறம் பிரித்து அறிய முடிகிறதா? காது சரியாகக் கேட்கிறதா? பல் சொத்தையா? பாதம் தட்டையா? நிற்கும்போது முழங்கால் இரண்டும் முட்டுகின்றனவா? காலில் நரம்பு சுருண்டிருக்கிறதா? விரை வீக்கம், மூலம் உண்டா? ரத்தம் போதுமா?

சிலவற்றைச் சரி செய்ய முடியும். சொத்தைப் பல்லை அடைக்கலாம். காதுக் குறும்பியை எடுக்கலாம். ரத்தக் குறைவுக்கு மருந்து சாப்பிடலாம். சிலவற்றை மாற்ற முடியாது. நிறக் குருடு இருந்தால் பல வேலைகளுக்கு எடுக்க மாட்டார்கள். அது ஆறு மாதம் ஓடிய பிறகு தெரிவதை விட, முதல் நாளே தெரிவது நல்லது அல்லவா? கையில் பெரிதாகப் பச்சை குத்திக்கொள்ளும் ஆசை உள்ள பையன்களும் யோசிக்க வேண்டும். அதற்கும் கட்டுப்பாடு உண்டு.

பெண்ணுக்கும் இடம் உண்டு

இது பையன்கள் விஷயம் மட்டும் அல்ல. ராணுவப் போலீஸ் படையில் பெண்களையும் சிப்பாயாகச் சேர்க்கிறார்கள். 83 பெண்கள் கொண்ட முதல் அணி, பெங்களூரில் பயிற்சி முடித்து 2021-ம் ஆண்டு மே மாதம் வெளியே வந்தது. இப்போது பெண்களும் அக்னிவீரராகச் சேருகிறார்கள். பத்தாவது தேறியிருக்க வேண்டும். உயரம் 162 சென்டி மீட்டர். ஒரு மைல் ஓட்டத்தை எட்டு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பத்து அடி நீளம் தாண்ட வேண்டும். மூன்று அடி உயரம் தாண்ட வேண்டும்.

இந்தியாவில் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தக் குறைவு இருக்கிறது. ஆகவே, பெண் பிள்ளை ஓடத் தொடங்கும் முன் ரத்தத்தைப் பரிசோதிப்பது மிக முக்கியம். வீட்டில் முட்டை ஒன்றுதான் இருந்தால், அது அண்ணனுக்கு என்ற வழக்கத்தையும் விட வேண்டும்.

முகாமுக்குள் என்ன நடக்கும்?

தென்னாட்டுப் பிள்ளைகள் பலர் சேரும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம், நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. 1758-ல் தொடங்கிய பழைய படை அது. மெட்ராஸ் பொறியாளர் படையின் மையம் பெங்களூரில் இருக்கிறது. அந்தப் படை வீரர்களுக்கு "தம்பி" என்றே செல்லப் பெயர்! வேறு படைகளுக்கு நாசிக், ஐதராபாத் போன்ற ஊர்களிலும் மையங்கள் உண்டு. எங்கே அனுப்புவார்கள் என்பது பையன் கையில் இல்லை.

அக்னிவீரர் பயிற்சி ஏறக்குறைய ஆறு, ஏழு மாதத்தில் முடிந்துவிடுகிறது. பழைய முறையில் இதை விட அதிக காலம் கொடுத்தார்கள். ஆகவே, "அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம்" என்பது நடக்காது.

விடியும் முன்பே எழ வேண்டும். தேகப் பயிற்சி, அணிவகுப்பு, துப்பாக்கி, வகுப்பு, விளையாட்டு என்று மணி அடித்தபடி நாள் ஓடும். படுக்கையைத் தானே மடிக்க வேண்டும். துணியைத் தானே துவைக்க வேண்டும். பூட்ஸைத் தானே மினுக்க வேண்டும். இதை எல்லாம் அம்மாவே செய்து கொடுத்த பிள்ளைக்கு, முதல் மாதம் ஓட்டத்தை விட இதுவே பெரிய கஷ்டமாக இருக்கும். இன்றைக்கே அவன் தட்டை அவனே கழுவட்டும்.

அணிவகுப்புக் கட்டளைகள் இந்தியில் இருக்கும். "சாவ்தான்" என்றால் விறைப்பாக நில். "விஷ்ராம்" என்றால் இளைப்பாறி நில். "தாயே முட்" என்றால் வலது பக்கம் திரும்பு. "பாயே முட்" என்றால் இடது பக்கம் திரும்பு. எண்களையும் நூறு வார்த்தைகளையும் முன்பே கற்றுக்கொண்டால், முதல் வாரத்தில் விழிக்க வேண்டியது இல்லை. எந்த மொழியும் சுமை அல்ல. தெரிந்த வார்த்தை ஒவ்வொன்றும் ஒரு துணை.

புது பூட்ஸ் காலைக் கடிக்கும். கனமான ஷூவைப் போட்டுத் தினம் கொஞ்ச நேரம் நடந்து, பாதத் தோலைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

தரகர் வந்தால்...

"மேஜரைத் தெரியும், கர்னலைத் தெரியும், மூன்று லட்சம் கொடுத்தால் சேர்த்துவிடுகிறேன்" என்று யாராவது வருவார். நகையை அடகு வைத்துக் கொடுக்கிறவர்களும் உண்டு. அந்தப் பணம் திரும்பாது.

எழுத்துத் தேர்வின் விடைத்தாளைத் திருத்துவது கம்ப்யூட்டர். ஓட்டத்தை அளப்பது கடிகாரம். இரண்டும் லஞ்சம் வாங்காது. 2023-ம் ஆண்டு தேர்வு தொடங்கியபோது, விண்ணப்பதாரர் கட்டிய பணம் 250 ரூபாய். ராணுவத்தின் சொந்த இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு வெளியே யார் பணம் கேட்டாலும் அவர் மோசடிக்காரர்.

தரகரிடம் அலையும் நேரத்தில் காகிதங்களைத் தயார் செய்யலாம். பள்ளிச் சான்றிதழ், ஆதார், இருப்பிடச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், கல்யாணம் ஆகவில்லை என்ற சான்றிதழ் ஆகியவை வேண்டும். எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு எழுத்துப் பிசகினாலும் அலைச்சல்தான். கல்யாணம் ஆனவர்களைச் சேர்க்க மாட்டார்கள். அந்த நான்கு ஆண்டிலும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. மாமன் மகளைப் பேசி வைத்திருக்கும் வீடுகள் இதையும் யோசிக்க வேண்டும்.

ஐந்தாவது ஆண்டு

உடம்பைத் தயார் செய்தாயிற்று. காகிதமும் தயார். இன்னும் ஒன்று பாக்கி. அது ஐந்தாவது ஆண்டு.

நான்கு ஆண்டு கழித்து நிரந்தரமாக எடுத்தால் சந்தோஷம். ஆனால் நூற்றுக்கு 75 பேர் திரும்புவார்கள் என்பது கணக்கு. எந்த வீடும் தன் பிள்ளை அந்த 25-ல் ஒருவன் என்றுதான் நினைக்கும். நினைப்பது தப்பு இல்லை. அதை நம்பி மற்ற வழியை அடைத்துவிடுவதுதான் தப்பு.

திரும்பும்போது பையனுக்கு வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். மத்திய ஆயுதப் போலீஸ் படைகளிலும் அசாம் ரைபிள்சிலும் அக்னிவீரர்களுக்கு நூற்றுக்கு 10 இடம் ஒதுக்குவதாக 2022-ம் ஆண்டு ஜூன் மாதமே மத்திய சர்க்கார் அறிவித்தது. பத்தாவது படித்துச் சேர்ந்தவர், வேலையில் இருந்தபடியே தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பன்னிரண்டாவது முடிக்க ஏற்பாடு இருக்கிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்கவும் வழி இருக்கிறது.

ஆகவே, புறப்படும் முன்பே ஒரு நாள் இரவு, சாப்பிட்ட பிறகு, வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும். மாதம் 21,000 ரூபாயில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்புவான்? அந்த 11 லட்சத்தில் அக்கா கல்யாணமா, கடை வைப்பதா, மேல்படிப்பா? முகாமில் எந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள முயல வேண்டும்? டிரைவர் வேலையா, எலெக்ட்ரிக் வேலையா? "வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டால், அந்தப் பணம் ஒரே ஆண்டில் கரைந்துவிடும்.

தாத்தா காலத்துச் சொல்தாவுக்குப் பட்டாளம் ஆயுள் முழுவதும் சோறு போட்டது. பேரன் காலத்துப் பட்டாளம் நான்கு ஆண்டு சோறு போடும். கொஞ்சம் முதலும் கொடுக்கும். மிச்சத்தை அவனே பார்த்துக்கொள்ள வேண்டும். இது தெரிந்து போகிறவனுக்கு நஷ்டம் இல்லை. திரும்பி வரும்போது நல்ல உடம்பு இருக்கும். ஒழுங்கு இருக்கும். கையில் பணமும் சான்றிதழும் இருக்கும். தெரியாமல் போகிறவன் திரும்பி வந்து திண்ணையில் உட்காருவான்.

ஆறு மாதம் முன்னால் எழுந்து நடக்கத் தொடங்குவதும், ஐந்தாவது ஆண்டைப் பற்றி முன்கூட்டியே பேசிக்கொள்வதும் காசு செலவு இல்லாத காரியங்கள். இரண்டையும் முகாமில் யாரும் செய்து தர மாட்டார்கள். அவை வீட்டின் வேலை.